தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா நிஜமாவே மைலேஜ் கிடைக்குமா?

ஓசூர்வாசி:
வணக்கம். எனக்கு வேலை ஓசூர்ல, ஊரு சேலம் பக்கம், மாசத்துக்கு ரெண்டு தடவையாச்சும் குடும்பத்தோட கார்ல, தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவுல இருக்கற தொப்பூர் மலை இறக்கம் வழியா போயிட்டு வர்றேன். போன ஞாயித்துக்கிழமை பாளையம் டோல்கேட் தாண்டி இறங்கிட்டு இருந்தப்ப பின்னாடி ஒரு பெரிய லாரி ஹார்ன விடாம அடிச்சுக்கிட்டே வருது, கண்ணாடில பாத்தா லாரியோட மூஞ்சி மட்டும்தான் தெரியுது, நான் பதறிப்போய் இடது பக்கம் ஒதுங்கினதும் சர்ருனு தாண்டிப் போச்சு, கூடவே கருகுன நாத்தம். பின் சீட்ல பொண்ணு தூங்கிட்டு இருந்தா. சேலம் போய் சேர்ற வரைக்கும் எனக்கு கை நடுக்கம் நிக்கல.

அன்னைக்கு நானும் நியூட்ரல்லதான் இறங்கிட்டு இருந்தேன், அதான் உறுத்துது. மாமா சொல்லிக் கொடுத்த பழக்கம், இறக்கம் வந்தா நியூட்ரல்ல விடு பெட்ரோல் மிச்சம்னு, ஏழு வருசமா அப்படித்தான் ஓட்டுறேன். இது சரியா தப்பா, லாரிக்காரங்களும் ஏன் இதையே பண்றாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சங்ககிரி லோடுவண்டி:
தம்பி, நான் 20 வருசத்துக்கு மேல லோடு ஓட்டுறேனுங்க. விடாம ஹார்ன் அடிச்சுட்டு வந்தாருன்னா அவருக்கு பிரேக் புடிக்காம வந்துருக்கும், அந்த நேரத்துல டிரைவர் கையில ஹார்ன தவிர வேற ஒண்ணும் இருக்காது. நீங்க ஒதுங்குனது நல்லதா போச்சு.

ஏன் நியூட்ரல்ல விடுறாங்கன்னா, நெறைய எடத்துல ட்ரிப்புக்கு இவ்ளோ டீசல்னு ஓனர் கணக்கு போட்டு குடுத்துருவாரு, மிச்சம் புடிச்சா டிரைவருக்கு, கூட செலவானா நம்ம காசுல புடிப்பாங்க. ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வர்றவனுக்கு அந்த நாலு லிட்டர் பெருசா தெரியும். நானும் சின்ன வயசுல விட்டுருக்கேன், மறைக்கல. ஒரு தடவை அந்த இறக்கத்துல இருக்கற இரட்டைப் பாலத்துக்கு முன்னாடி வண்டி ஓட்டம் எடுத்துருச்சு, திரும்ப கியர் போட பாக்குறேன், லோடோட அந்த வேகத்துல கியர் விழவே மாட்டேங்குது. நியூட்ரல்ல இருந்தா, இன்ஜின் புகையை அடைச்சு வேகம் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது, எல்லா பாரமும் கால் பிரேக் மேலதான். மிதிக்க மிதிக்க பிரேக் ட்ரம் சூடேறி லைனிங் புடிக்கறத விட்ருது. எப்படியோ நின்னுச்சு. அதுக்கப்புறம் எங்க குரு சொன்னதுதான், எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு. டோல்கேட்லயே செகண்ட் தேர்டு போட்டுட்டு ஊர்ந்து வருவேன், பின்னாடி கார்க்காரங்க திட்டுனாலும் பரவால்ல.

ஒரு வேண்டுகோளுங்க. நாங்க முன்னாடி கேப் விட்டு வந்தா அதுல சட்டுனு காரை நுழைக்காதீங்க, லோடு வண்டிக்கு நிக்கிறதுக்கு அந்த எடம் வேணும்.

ஒர்க்‌ஷாப் பாபு:
டிரைவர் அண்ணன் சொன்னதுல கொஞ்சம் சேத்துக்கிறேன். மாமா சொன்னது கார்புரேட்டர் காலத்து கணக்கு ப்ரோ. இப்ப வர்ற வண்டி எல்லாம் இன்ஜெக்‌ஷன், டீசல்னா சிஆர்டிஐ, அதுவும் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிறதுதான். கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா ஈசியு, அதான் இன்ஜினோட கம்ப்யூட்டர், எரிபொருளையே கட் பண்ணிடும், சக்கரம்தான் இன்ஜினை சுத்தும். நியூட்ரல்ல விட்டா இன்ஜின் அணையாம ஓடணும்ல, அதுக்கு ஐடிலிங் எரிபொருள் போயிட்டேதான் இருக்கும். லேசான சரிவுல நியூட்ரல்ல கொஞ்சம் தூரம் கூட உருளும், அது உண்மை, ஆனா தொப்பூர் மாதிரி இடத்துல எப்படியும் பிரேக் மிதிச்சுத்தான் ஆகணும், அங்க மிச்சம்னு ஒண்ணும் கிடையாது, லைனிங் தேயுறதுதான் மிச்சம்.

சில பேர் சாவியையே திருப்பி ஆஃப் பண்ணிடுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். பவர் ஸ்டீயரிங் இறுகிடும், லாரில கம்ப்ரஸர் நின்னு பிரேக்குக்கு ஏர் ஏறாது.

தருமபுரி பொண்ணு:
எங்க ஊர்ல இந்த ரோட்டை பத்தி பேசாத வீடு கிடையாது. 2020 டிசம்பர்ல ஏற்கெனவே ஒரு விபத்து ஆகி வரிசையா நின்ன கார்கள் மேல ஒரு லாரி வந்து மோதி 4 பேர் போனாங்க, 2024 ஜனவரில இரட்டைப் பாலத்துல மறுபடி 4 பேர், ஒரு லாரி பாலத்துல இருந்தே கீழ விழுந்துச்சு, அந்த சிசிடிவி வீடியோவ எல்லாரும் பாத்துருப்பீங்க. ஒவ்வொரு தடவையும் டிரைவர் மேல கேஸ்னு செய்தி வரும், அந்த டீசல் கணக்கு போட்ட ஓனரை யாரும் கேக்கறதில்ல. லாரிக்கு 30ல போகச் சொல்லி போர்டு இருக்கு, ஆனா கார்ல போறவங்க 80ல வந்து வளைவுல லாரியை ஓவர்டேக் பண்றத நான் பஸ்ல உக்காந்து தினமும் பாக்குறேன்.

ஓசூர்வாசி, 2020ல நடந்ததுல இருந்து ஒண்ணு எடுத்துக்கங்க. இறக்கத்துல ட்ராஃபிக் நின்னுச்சுன்னா முன் வண்டி பம்பரை ஒட்டி நிக்காதீங்க, ஹசார்ட் போட்டு ஒதுங்கி வெளிய வர்ற அளவு எடம் விட்டு நில்லுங்க, கண்ணு பின் கண்ணாடி மேலயே இருக்கட்டும்.

ஓசூர்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அண்ணனுக்கு தனியா. நேத்து போனப்ப டோல்கேட்லயே தேர்டு கியர் போட்டுட்டேன், மாமாவ பக்கத்துல உக்கார வச்சு மீட்டர்ல அந்த உடனடி மைலேஜ் காட்டுற இடத்தை பாக்க சொன்னேன். கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்ததும் முள்ளு கடைசி வரைக்கும் போய் அப்படியே நிக்குது, அதாவது எரிபொருளே போகல. அவரு ஒண்ணும் பேசல, தொப்பூர் ஸ்டேஷன் தாண்டுனதும் "அந்த லாரிக்கு வழி விடு மாப்ள"ன்னாரு.