புதுப்பிப்பு: அப்பச்சியின் முதுகுவலி, ஸ்க்ரூ இல்லாமல் முடிந்தது

அப்பச்சிக்கு கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி இடது கால் வரை இழுக்கிறது, ஸ்க்ரூவும் ராடும் வைத்து எலும்பை இணைக்கச் சொல்கிறார்கள், சின்னதாக வேறு வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி.

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய் இன்னொரு மருத்துவரைப் பார்த்தோம். எம்.ஆர்.ஐ. போதாது என்று குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு நழுவி ஆடவில்லை, அதனால் இணைப்பு தேவையில்லை என்றார். நரம்பை அழுத்தும் டிஸ்க் துண்டை மட்டும் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) வழியாக எடுக்கலாம்: ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் துளை, தசையை அதிகம் வெட்ட வேண்டாம், சிலருக்கு மரத்துப்போகும் ஊசியோடே செய்துவிடலாம். ஆனால் இது முக்கியமாகக் கால் வலிக்குத்தான். இடுப்புவலி முழுக்கப் போகும் என்று உத்தரவாதம் இல்லை, அதே டிஸ்க் மறுபடி பிதுங்கவும் செய்யலாம் என்றார். இதை அவரே சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சரி, செய்தாயிற்று. அன்று மாலையே நடக்க வைத்தார்கள். கால் குடைச்சல் போய்விட்டது; பாதத்தில் மரமரப்பு மட்டும் மிச்சம். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. நம்மூர் வீட்டுப் படிகள் தெரியுமே, அதனால் முகப்பிலேயே கட்டில். சீட்டாட ஆள் வருவதால் அவருக்கு அதுவும் வசதிதான்!

ஒன்று: சிறுநீர் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ இரண்டாவது கருத்துக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.