சூடு வரும் சோதனைகள்: சென்னை வீடுகளில் எங்கே சறுக்குகிறது?

கம்பி நாரை வினிகரில் முக்கி, அது துருப்பிடிக்கும்போது வரும் சூட்டை அளக்கும் சோதனையில் சூடே வரவில்லை என்றால் முதலில் நாரைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. வினிகரில் எவ்வளவு ஊறினாலும் பலனில்லை. காந்தம் ஒட்டுகிறதே என்று நம்ப வேண்டாம், அந்த எஃகிலும் சில வகை ஒட்டும். ஹார்டுவேர் கடையில் மரவேலைக்கு விற்கும் மெல்லிய ஸ்டீல் வுல்தான் வேண்டும். எலுமிச்சம்பழ அளவு எடுத்து, வெள்ளை வினிகரில் இரண்டு நிமிடம் முக்கி, ஒட்டப் பிழியுங்கள். பிறகு பூப்போல உதறி, தெர்மாமீட்டர் முனையில் சுற்றி, பாட்டிலில் வைத்து மூடுங்கள். வினிகர் மேற்பூச்சை நீக்கிவிடும். வெற்று இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகும்போது சூடு பிறக்கும். பத்து நிமிடத்தில் சில டிகிரி ஏறும், அவ்வளவுதான். மூடிக்குப் பதில் பலூனை மாட்டினால், ஆக்சிஜன் குறையக் குறைய அது பாட்டிலுக்குள் இழுபடும். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

மேலே சொன்னதோடு ஒன்று: ஃபேனை நிறுத்துங்கள். ஈர நாரில் காற்று பட்டால் ஆவியாதலே சூட்டைத் தின்றுவிடும். காய்ச்சல் தெர்மாமீட்டர் உதவாது, 42 டிகிரியோடு அதன் அளவு முடிந்துவிடும். 110 வரை காட்டும் ஆல்கஹால் தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

சட்டென்று சூடு தெரிய வேண்டுமானால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். லேபிளைப் பார்த்து, அதே அளவு தண்ணீர் கலந்து 100 மி.லி. எடுங்கள். ஒரு டீஸ்பூன் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுங்கள். கொதிநீரில் கரைத்தால், பெராக்சைடைச் சிதைக்கும் ஈஸ்ட்டின் நொதி கெட்டு ஒன்றும் நடக்காது. தண்ணீர் கலக்காமல் செய்தால் 6 சதவீதத்தில் கை சுடுமளவு ஏறும், நுரையைத் தொட விடாதீர்கள். கண்ணாடி அணிவித்துச் செய்யுங்கள். பாட்டிலை மூடவே கூடாது, ஆக்சிஜன் அழுத்தத்தில் வெடிக்கும்.

ஈரத்தை உறிஞ்சும் உப்பான கால்சியம் குளோரைடு பற்றி: 10 கிராமை 100 மி.லி. நீரில் போட்டால், நீரற்ற வகை 15 டிகிரி வரை ஏற்றும். நீரேறிய வகையில் அதில் பாதிகூட வராது. நம் கடற்கரை ஈரத்தில் திறந்து வைத்த பொட்டலம் மறுநாளே கசிந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பிரித்தவுடன் எடை போடுங்கள்.

வெள்ளையடிக்க வாங்கிய நீறாத சுண்ணாம்புக் கல்லை மட்டும் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். நீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே குழாய் நீரில் விடாமல் கழுவி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.