காயலான் கடை விண்கலம்: எட்டாம் அத்தியாயத்தில் கதை நிற்கிறது, உதவி வேண்டும்

மைக்கூடு:
செத்துப்போன செயற்கைக்கோள்களைப் பொறுக்கி விற்கும் பழைய விண்கலம், உள்ளே ஐந்து பேர். கலத்தின் பெயர் பேரீச்சம்பழம், ஏன் என்று உங்களுக்கே தெரியும். காலையில் துருவங்களுக்கு மேலே சுற்றும் ஒரு கோளைப் பிடிக்கிறார்கள், சாயங்காலம் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுற்றும் இன்னொன்றை. அரை டன் கோளை முத்து வெறுங்கையால் பிடித்து நிறுத்துகிறான். படித்த நண்பர் "ரெண்டுமே நடக்காது" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரு வரி ஓடவில்லை. எதை மாற்றுவது?

சுற்றுப்பாதை:
முதலாவது நடக்கவே நடக்காது. பாதையின் சாய்வை, அதாவது நிலநடுக்கோட்டோடு அது செய்யும் கோணத்தை, திருப்புவதுதான் எரிபொருளைக் குடிக்கும். தாழ்வான பாதையில் கலம் நொடிக்குச் சுமார் 7.5 கி.மீ. ஓடுகிறது. சாய்வை 60 டிகிரி திருப்பவே அதே அளவு வேகத்தை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியதோ 90. இரண்டு கோளையும் ஒரே சாய்வில் வைத்துவிடுங்கள், தொல்லை விட்டது.

திருப்புளி:
இரண்டாவது நடந்தே இருக்கிறது. 1984 பிப்ரவரியில் ஏவிய பலாப்பா பி2, வெஸ்டார் 6 என்ற செயற்கைக்கோள்கள் இரண்டும் மோட்டார் சரியாக எரியாமல் தவறான பாதையில் மாட்டிக்கொண்டன. நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடம் போய் இரண்டையும் அள்ளி வந்தது. அதில் போன விண்வெளி வீரர் ஜோ ஆலன் ஈட்டி மாதிரி ஒரு கருவியைப் பலாப்பாவின் மோட்டார் வாய்க்குள் செருகிப் பூட்டி, முதுகில் மாட்டிய ஜெட் பெட்டியால் சுழற்சியை அடக்கினார். அப்புறம்தான் வேடிக்கை. கோளில் மாட்ட வேண்டிய சட்டம், துருத்திக்கொண்டிருந்த ஒரு பாகம் இடித்ததால் உட்காரவில்லை. ஆலன் காலை நிலைப்படுத்திக்கொண்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கோளைக் கையில் பிடித்திருக்க, சக வீரர் டேல் கார்ட்னர் அடிப்பக்க வேலையை முடித்தார்.

ஒன்று கவனியுங்கள்: தரையிலிருந்தே சுழற்சியை முன்கூட்டிக் குறைத்து வைத்திருந்தார்கள். வேகமாகச் சுழல்வதை முத்து பிடித்தால் அவனும் சேர்ந்து சுற்றுவான். எடை இல்லாவிட்டாலும் நிறை அப்படியே இருக்கிறதே.

மைக்கூடு:
அப்பாடா, முத்து பிழைத்தான்! சரி, பிடித்ததை விற்கலாமா?

சுற்றுப்பாதை:
கண்டெடுத்தவனுக்குச் சொந்தம் என்பது அங்கே செல்லாது. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் எட்டாவது பிரிவுப்படி, மேலே போனாலும் பொருளின் உரிமை மாறாது. அந்த 1984 கோள்களுக்கு இழப்பீடு கொடுத்துச் சொந்தக்காரர்களாகிவிட்ட காப்பீட்டாளர்கள்தான் மீட்கவும் பணம் கட்டினார்கள். கார்ட்னர் விண்வெளியில் 'விற்பனைக்கு' என்ற அட்டையைப் பிடித்து நிற்கும் படம்கூட உண்டு. 1990-ல் இரண்டும் மறுபடி ஏவப்பட்டன. உங்கள் முதலாளியையும் காப்பீட்டுக்காரராக்குங்கள்.

ராத்திரிஷிஃப்ட்:
"முத்து நெற்றி வியர்வையை வழித்து எறிந்தான்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அங்கே வியர்வை வழியாது, தோலிலேயே படலமாக ஒட்டிக்கிடக்கும். தலைக்கவசம் போட்டிருந்தால் துடைக்கக் கையும் போகாது. தூங்குமிடத்தில் காற்றோட்டம் இல்லையென்றால், விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கித் தலைவலி வரும். வெளியே போய்வந்த உடுப்பில் வெல்டிங் பட்டறை வாசனை அடிக்கும் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்.

மைக்கூடு:
சாய்வை மாற்றிவிட்டேன், வியர்வை வரி போயிற்று, அத்தியாயம் ஓடுகிறது. காப்பீட்டு ஆள் ஒருவரை ஆறாவதாக ஏற்றியிருக்கிறேன். படுக்க இடம்தான் இல்லை.

ராத்திரிஷிஃப்ட்:
சுவரில் கட்டிவிடுங்கள். முகம் மின்விசிறிப் பக்கம் இருக்கட்டும்.