பிரேக் எச்சரிக்கை விளக்கு: பழைய லாரியில் எங்கள் அனுபவங்கள்

என்னிடம் இருப்பது 2007ஆம் ஆண்டு மாடல் பத்துச் சக்கர லாரி. இரண்டு வருடங்களுக்கு முன் ஓசூரில் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் திரும்பும்போது, தர்மபுரியைத் தாண்டியதும் பிரேக்கை இயக்கும் காற்று குறைவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. பஸரும் விடாமல் கத்தியது. அடுத்து வருவது தொப்பூர் இறக்கம் என்பதால், சாலையோரம் ஒதுங்கிச் சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பிறகே பார்க்கத் தொடங்கினேன்.

காற்றுக் கேஜில் முன், பின் இரண்டு ஊசிகளும் 7 கிலோ அழுத்தத்துக்கு மேல் நின்றன. ஏறத்தாழ 5 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் அந்த விளக்கு எரிய வேண்டும். ஆகவே கேஜ், விளக்கு இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எங்கள் வண்டியில் முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் தனித்தனியாக ஒரு பிரஷர் சுவிட்ச் உண்டு. காற்று குறைந்தால் அது வயரை எர்த்தோடு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு, சேர்த்துவிடும், விளக்கு எரியும். முதலில் முன் சுவிட்சின் வயரைக் கழற்றினேன், அணையவில்லை. அதை அப்படியே விட்டுப் பின் சுவிட்சின் வயரையும் கழற்றினேன், அப்போதும் அணையவில்லை. இரண்டையும் பிரித்த பிறகும் எரிகிறது என்றால், வரும் வழியில் எங்கோ வயர் எர்த் ஆகிறது என்றுதான் பொருள். கிளீனர் தம்பி டார்ச் அடித்துக்கொண்டே சேஸிஸ் ஓரமாகத் தேடிப்போய், கிளிப் உடைந்து வயர் தொங்கிய இடத்தில், உறை தேய்ந்து செம்புக் கம்பி பளபளப்பதைக் காட்டினான். டேப் சுற்றியதும் விளக்கு அணைந்தது.

அணைந்துவிட்டது என்று உடனே கிளம்பவில்லை. சுவிட்ச் வயர்களைத் திரும்ப மாட்டி, என்ஜினை நிறுத்திச் சாவியை மட்டும் ஆனில் வைத்து, பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்துக் காற்றை இறக்கினேன். ஊசி 5-ஐ நெருங்கியபோது விளக்கு மறுபடி எரிந்தது. கேஜும் விளக்கும் ஒரே கணக்கைச் சொல்வதை அப்படி உறுதி செய்த பிறகே, காற்றை மறுபடி ஏற்றி இறக்கத்தில் இறங்கினேன்.

ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனமே ஆறு மாதம் கழித்து என்னை ஏமாற்றியது. நெரிசலில் அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது மட்டும் அதே விளக்கு மின்னியது. பழைய வயர்தான் என்று இரண்டு நாள் டேப்பையே சுற்றிக்கொண்டிருந்தேன். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் காற்று குறையாமல் இருந்ததும் என் எண்ணத்துக்குத் துணைபோனது. உண்மையில் பின் சக்கரத்தின் பிரேக் சேம்பரில், அதாவது காற்றழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் டப்பாவில், டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. மிதித்தால்தான் அங்கே காற்று போகும். ஆகையால் நிறுத்தி வைத்த வண்டியில் கசிவு தெரியவே தெரியாது. ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சோப்புத் தண்ணீர் தடவியபோது சேம்பரின் மூச்சுத் துளையில் நுரை பொங்கியது.

---

மேலே அண்ணன் எழுதியது காற்று பிரேக் வண்டி. என்னுடையது ஆயில் பிரேக் உள்ள சிறிய லாரி. அதில் விளக்கு எரிவதன் கதையே வேறு. ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகும், வளைவுகளில் மட்டும் விளக்கு எரிந்து அணைந்தது. பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறைந்து, அதன் அளவைக் காட்டும் மிதவை ஆடியதுதான் காரணம். நான் ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு, மூன்று வாரம் நிம்மதியாக ஓட்டினேன். மூடிய டப்பாவிலிருந்து ஆயில் எங்கே போயிற்று என்று ஒரு முறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மறுபடி எரிந்த பிறகுதான் பட்டறையில் பின் டிரம்மைக் கழற்றினார்கள். ஆயில் அழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் லைனிங் முழுவதும் ஆயிலில் ஊறிக் கிடந்தது. டயரின் உள்பக்கத்தில் ஈரக் கறை பல நாளாகவே இருந்திருக்கிறது. வண்டி கழுவும்போது கிரீஸ் என்று நினைத்து நானே அதைத் துடைத்திருக்கிறேன்.