பேட்டரி வீடியோ காலிங் பெல்: ரீசெட் பட்டனில் கை வைக்கும் முன்

கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 71, முழங்கால் வலி. யாராவது பெல் அடித்தால் கூடத்திலிருந்து எழுந்து ரேழியைத் தாண்டி வாசலுக்குப் போவதற்குள் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். இல்லையென்றால் யார் என்று பார்க்காமலே அம்மா தாழ்ப்பாளைத் திறந்துவிடுவார். எனக்கு இரண்டாவதுதான் பயம். பழைய வீடு, வாசல் வரை வயர் இழுக்க வழியில்லை. அதனால் போன வருஷம் பேட்டரியில் ஓடும் வீடியோ காலிங் பெல் ஒன்றை வாங்கி நிலைக்கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். பட்டனை அழுத்தினால் அம்மாவின் போனிலும் சென்னையில் என் போனிலும் வந்தவர் முகம் தெரியும். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசி அனுப்பிவிடுவார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது ஆஃப்லைன் ஆகிவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்தேன். “நெட்காரப் பையன் வந்து பெட்டிய மாத்திட்டுப் போனான்டா” என்றார். அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. பெல்லில்தான் கோளாறு என்று முடிவு செய்து, “அதைக் கழட்டிப் பின்பக்கம் இருக்கிற சின்ன ஓட்டைக்குள்ள ஊக்கால 20 விநாடி அழுத்திப் பிடிம்மா” என்றேன். முழங்கால் வலியோடு ஸ்டூல் போட்டு ஏறி அம்மா அதைச் செய்தார். அந்த 20 விநாடியில் வைஃபை விவரம், உள்ளே ஒலிக்கும் மணியோடு இருந்த இணைப்பு, தெருவில் போகிறவர்களை விட்டுவிட்டு நம் வாசற்படியை மட்டும் கவனிக்கும்படி வரைந்து வைத்த எல்லை எல்லாம் போய்விட்டன. சனிக்கிழமை நானே கிளம்பிப் போக வேண்டியதாயிற்று.

அங்கே முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இணைக்கும்போது பெல் தானே ஒரு சின்ன ஹாட்ஸ்பாட்டை உருவாக்கும். நம் போன் அதில் சேர்ந்து வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதனிடம் கொடுக்க வேண்டும். என் போன் சேரும், பத்து விநாடியில் விலகிவிடும். காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த ஹாட்ஸ்பாட்டில் இணையம் கிடையாது. இணையம் இல்லை என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. டேட்டாவை அணைத்துவிட்டு, விபிஎன் (இணையப் போக்கை வேறு வழியாகத் திருப்பிவிடும் ஆப்) இருந்தால் அதையும் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். லொகேஷன் அனுமதியையும் ஆப்புக்குக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் அது இல்லாவிட்டால் பல நேரம் அருகில் உள்ள வைஃபை பட்டியலே வராது.

அடுத்த தடை புதுப் பெட்டி, அதாவது நெட்காரப் பையன் மாற்றிவிட்டுப் போன வைஃபை ரவுட்டர். அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளும் ஒரே பெயரில் இருந்தன. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும். எங்கள் பெல்லுக்குத் தெரிந்தது 2.4 கிகாஹெர்ட்ஸும், அதற்கு முந்தைய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2வும்தான். பேட்டரி பெல்களில் பல இப்படித்தான், 2.4 சுவர் தாண்டி அதிக தூரம் போகும் என்பதும் ஒரு காரணம். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, பாதுகாப்பை டபிள்யூபிஏ2க்கு மாற்றினேன். அடுத்த நிமிடமே இணைந்துவிட்டது.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பெல்லுக்கு எந்தப் பெட்டி என்பது முக்கியமில்லை. பெரும்பாலும் அது நினைவில் வைத்திருப்பது வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும்தான். புதுப் பெட்டியின் 2.4க்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும், ஓர் எழுத்துகூட மாறாமல், பழைய பாதுகாப்பு முறையோடு வைத்திருந்தால் அது தானாகவே சேர்ந்திருக்கும். அம்மா ஸ்டூலில் ஏறியிருக்கவே வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றி மாட்டுவது ஒன்று, ஆப்பில் போய் வைஃபையை மாற்றுவது வேறு, எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட் வேறு. பல மாடல்களில் ஒரே பட்டனைச் சும்மா ஒரு தரம் அழுத்தினால் இணைக்கும் நிலைக்குப் போகும், நீண்ட நேரம் பிடித்தால் அழிந்துவிடும். எத்தனை விநாடி என்பது மாடலுக்கு மாடல் மாறும். கூட வரும் தாளைப் பார்க்காமல் பட்டனைத் தொடாதீர்கள்.

* * *

மேலே கும்பகோணத்துக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு வேலூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வாசல் மேற்கு பார்த்தது. மே மாதம் மத்தியானம் ஆனால் பெல் செத்துப்போகும், ராத்திரி உயிர் வரும். நான்கு தரம் ரீசெட் செய்தேன். ஒவ்வொரு தரமும் பாதியில் நின்றது. சூடுதான் காரணம். உள்ளே இருப்பது லித்தியம் அயான் பேட்டரி, அதிகச் சூடு அதற்கு ஆகாது. வெயிலில் சுட்ட பேட்டரியை அப்படியே சார்ஜரில் போடவும் கூடாது. வீட்டுக்குள் வைத்து ஆறவிட்டு, முழுசாக சார்ஜ் ஏற்றி, சாயங்காலம் இணைத்தேன், ஒரே தடவையில் சேர்ந்தது. பேட்டரி குறைவாக இருக்கும்போது இணைக்கவே முயற்சி செய்யாதீர்கள். ஆப் காட்டும் சதவீதத்தையும் நம்பாதீர்கள், ஆஃப்லைன் ஆன அன்றைக்கு இருந்த கணக்கை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட்டரி பெல் எப்போதும் விழித்திருப்பதில்லை. பிஐஆர் என்ற சென்சார் உடம்புச் சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஆள் வருவதைக் கண்டுபிடித்துத்தான் கேமராவை எழுப்புகிறது. வெயில் 38, 40 என்று ஏறும்போது வாசல் சுவரும் மனித உடம்பும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். அப்போது ஆள் வந்து நின்றாலும் அதற்குத் தெரியாமல் போகலாம். அதையும் கோளாறு என்று நினைத்துத்தான் நான் ஒரு தரம் ரீசெட் செய்தேன். இப்போது பெல்லுக்கு மேலே தகரத்தில் ஒரு சின்ன சன்ஷேடு வைத்திருக்கிறேன். நல்ல பலன்.

* * *

நியூ ஜெர்சியிலிருந்து வந்தபோது மகள் வாங்கி வந்த பெல் எங்களுடையது. மதுரையில் எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் கரண்ட் கட் ஆகி வந்த பிறகு வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயரே வரவில்லை. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வருகிறது, எங்களுடையது மட்டும் இல்லை. போன், டிவி எல்லாம் நன்றாக ஓடுகின்றன. கடைசியில் என் மருமகன்தான் வீடியோ காலில் கண்டுபிடித்தார். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 1 முதல் 13 வரை சேனல், அதாவது அலைவரிசைப் பிரிவு, உண்டு. அமெரிக்காவுக்கு என்று செய்த சாதனங்கள் பொதுவாக 11 வரைதான் பார்க்கும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் தானாக 13ஐத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆட்டோவை எடுத்துவிட்டு சேனல் 6 என்று நிரந்தரமாக வைத்தோம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய பெல் வைத்திருக்கும் பெற்றோர் இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒன்பது நாள் போனது.

* * *

நானும் என் அனுபவத்தைச் சொல்கிறேன், பழைய பெல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கினேன். எத்தனை ரீசெட் செய்தாலும் “வேறொருவர் கணக்கில் உள்ளது” என்றே வந்தது. பெல்லில் உள்ள பட்டன் அந்தக் கணக்கை அழிக்காது. விற்றவர் தன் ஆப்பில் போய் நீக்க வேண்டும். நல்ல மனிதர், கேட்டதும் செய்து கொடுத்தார். காசு கொடுக்கும் முன்பே, கண் எதிரில் நீக்கச் சொல்லுங்கள். திருடுபோன பெல் இன்னொருவருக்குப் பயன்படாமல் இருக்கவும் இந்தப் பூட்டு உதவுகிறது, அதனால் இதைக் குறையாக நான் சொல்லமாட்டேன்.

* * *

கும்பகோணத்துக்காரன்தான் மறுபடியும். இரும்பு கிரில் கேட் இருந்தால் சிக்னல் குறையுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். குறையும். கான்கிரீட்டும் குறைக்கும். ஆப்பில் சாதன விவரத்தில் ஆர்எஸ்எஸ்ஐ என்று, சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைக் காட்டும் எண் ஒன்று மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. எங்கள் வீட்டில் ரவுட்டர் கூடத்து அலமாரிக்குள் இருந்தபோது மைனஸ் 74. ரேழிப் பக்கம் உயரத்தில் மாட்டியதும் மைனஸ் 58. படம் திக்குவது நின்றது, பேட்டரியும் கூடுதல் நாள் வருகிறது.

ரீசெட் செய்தே ஆக வேண்டும் என்றால், முதலில் பெல்லை ரவுட்டர் பக்கத்தில் வைத்து இணைத்துப் பாருங்கள். சேர்ந்த பிறகு வாசலில் மாட்டுங்கள். உள்மணியை மறுபடி சேருங்கள், அம்மா அப்பா போனுக்கு மறுபடி பகிருங்கள், கவனிக்கும் எல்லையை மறுபடி வரையுங்கள். கடைசியாகப் போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில், தெருவில் நின்று, வேறொருவரைப் பெல் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். நான் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.