அக்வா ஹைபிரிட் பெட்டரி: 6 மாத வொரண்டி இருந்தும் கராஜில் கைவிரிக்கிறார்கள். சட்டத்தரணி இல்லாமல் தீர்க்க முடியுமா?

வெள்ளவத்தை அக்வா (செப்டெம்பர் 20)

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் அவரைக் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவது இந்தக் காரில்தான். ஜூன் கடைசியில் மீட்டரில் சிவப்பு முக்கோணம் எரிந்து, ஜப்பான் எழுத்தில் ஏதோ வந்தது. ஹைபிரிட் பெட்டரி என்றார்கள். தெமட்டகொடைப் பக்கம் ஒரு கராஜில் விட்டேன். நான்கு செல் மாற்றி ஜூலை 8ஆம் திகதி காரைத் தந்தார்கள். 145,000 ரூபா. பில்லில் கையால் எழுதியிருப்பது ஒரே வரி: "ஹைபிரிட் பெட்டரி திருத்தம், 6 மாதம் வொரண்டி."

செப்டெம்பர் 4ஆம் திகதி, காலி வீதியில் சவோய் தியேட்டரைத் தாண்டும்போது அதே முக்கோணம். அப்பா பின் சீட்டில். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார், வண்டி இழுக்கவே இல்லை. அந்த நேரம் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கராஜில் இரண்டு முறை "அடுத்த கிழமை வாங்க" என்றார்கள். நேற்றுத்தான் பார்த்தார்கள். "நாங்க போட்ட நாலு செல்லும் நல்லா இருக்கு, இப்ப போனது வேற செல். 95,000 ஆகும்" என்கிறார் முதலாளி. வொரண்டியைக் காட்டினால், "ஃபேன்ல தூசி அடைச்சிருக்கு, நீங்க கவனிக்கல்ல, வொரண்டி செல்லாது" என்கிறார். சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். வழக்கு என்று போனால் பெட்டரியை விட அதுக்குத்தான் கூடச் செலவாகும் என்று அவரே நேர்மையாகச் சொன்னார். கார் இப்போது வீட்டில் நிற்கிறது. காசைக் கட்டித் திருத்தி எடுப்பதா, வேறு வழி இருக்கிறதா?

பஞ்சிகாவத்தை பாஸ்

தம்பி, முதலில் ஒன்று. அந்தக் கராஜ்காரர் பெட்டரியைத் திரும்பவும் திறக்கவும் வேண்டாம், காரின் கம்ப்யூட்டர் பதிந்திருக்கும் பிழைக் கோடை (code) ஸ்கேனரில் அழிக்கவும் வேண்டாம். இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கோடுதான். நாளைக்கே அவர்களோடு சம்பந்தமில்லாத வேறு இடத்தில் ஸ்கேன் பண்ணி, திகதியும் கிலோமீட்டரும் தெரிகிற மாதிரிப் பிரிண்ட் எடுங்கள். அநேகமாக பி0ஏ80 (P0A80) என்ற கோடு வரும், ஹைபிரிட் பெட்டரி பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். அதோடு, அந்தப் பிழை விழுந்த நொடியில் பெட்டரியின் வெப்பநிலை எவ்வளவு என்றும் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும். ஃபேன் அடைத்துப் பெட்டரி சூடேறித்தான் போனது என்றால் அந்த எண் உயர்ந்து நிற்க வேண்டும். சாதாரணமாக இருந்தால் தூசிக் கதை நிற்காது.

அடுத்தது, "வேற செல்" என்கிற கதை. அக்வா பெட்டரியில் 20 துண்டு. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், எல்லாம் வரிசையாகச் சேர்ந்து 144 வோல்ட். நாம் செல் என்று சொல்வது இந்தத் துண்டுகளைத்தான். பத்து வருடம் ஓடிய 16 துண்டோடு நல்ல நான்கைச் சேர்த்தால், சார்ஜ் ஏறுவதும் இறங்குவதும் சமனாக நடக்காது, பழையதில் பலவீனமானது சீக்கிரம் படுத்துவிடும். தொழில் தெரிந்தவன் இருபதையும் லோட் போட்டு அளந்து, சமப்படுத்தி, மிச்சம் தாங்காது என்றால் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்வான். உங்களிடம் சொன்னார்களா? பில்லில் "நான்கு செல்" என்று எழுதவில்லை, "பெட்டரி திருத்தம்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தூசி விஷயத்தில் நானும் நியாயமாகப் பேச வேண்டும். பின் சீட்டுக்குக் கீழே இருக்கும் காற்று வழி அடைபட்டால் பெட்டரி கெடுவது உண்மை. ஆனால் ஜூலையில் பெட்டரியைக் கழற்றியபோது அந்த ஃபேன் அவர்கள் கையில்தான் இருந்தது. அதைத் துப்பரவாக்குவதும் அந்த வேலையில் சேர்ந்தது. இரண்டே மாதத்தில் அடைபடுவதற்கு வீட்டில் நாய் பூனை வளர்க்கிறீர்களா? இல்லையென்றால் அந்தத் தூசி அவர்கள் விட்டுவைத்த தூசி. போட்டோ எடுத்து வையுங்கள். மூடியைக் கழற்றப் போக வேண்டாம், உயர் வோல்ட் ஓடும் ஒரேஞ்ச் வயரில் கை வைத்தால் உயிருக்கு ஆபத்து.

கொட்டாஞ்சேனை டீச்சர்

தம்பி, உங்கள் திகதிகளைப் படித்ததும் எனக்கு மனம் பதறியது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம், ஆனால் சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அது ஒக்டோபர் 8. "அடுத்த கிழமை வாங்க" என்று அவர்கள் சொன்ன ஒவ்வொரு கிழமையும் இந்தக் கணக்கில்தான் கரைந்தது. வொரண்டி 6 மாதம் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்துவிடாதீர்கள்.

எனக்கு நடந்தது ஏசி கொம்பிரசர். மூன்று மாத வொரண்டியோடு 62,000 ரூபா கட்டினேன், ஐந்தாவது கிழமை மறுபடி சூடான காற்று. கணவர் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நான் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். எப்போது, எவ்வளவு கட்டினேன், வொரண்டியில் என்ன எழுதியிருந்தது, எந்த நாள் பழுதானது, எனக்கு என்ன வேண்டும். திட்டவே இல்லை. பில்லின் போட்டோ கொப்பியை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்தேன். நான் 14 நாள் தவணை கொடுத்தேன். உங்களுக்கு அந்த நேரம் இல்லை, 7 நாள் கொடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஒக்டோபர் 8க்கு முன் முறைப்பாடு போயிருக்க வேண்டும்.

கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியில் அதிகார சபையின் அலுவலகம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். நான் தமிழில்தான் எழுதிக் கொடுத்தேன். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, தயங்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவில்தான் இது வருகிறது. கொடுத்த வொரண்டிக்கு ஏற்றபடி பொருளோ சேவையோ இல்லை என்று விசாரணையில் தெரிந்தால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ அதிகார சபை உத்தரவிடலாம். அந்த உத்தரவை மீறினால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள், நமக்காகப் பேச யாரையும் அமர்த்தத் தேவையில்லை. என் விஷயத்தில் உத்தரவு வரை போகவில்லை. விசாரணை நாளன்று முதலாளி தன் மருமகனை அனுப்பினார், அந்தப் பையன் என் கடிதத்தையும் பில்லையும் மேசையில் பார்த்துவிட்டு, காசைத் தருகிறோம் என்றான்.

தெஹிவளைக்காரன்

இவ்வளவு அலைச்சல் எதற்கு? பெயரோடு பேஸ்புக்கில் ஒரு வீடியோ போடுங்கள், அன்றைக்கே போன் வரும்.

கொட்டாஞ்சேனை டீச்சர்

வேண்டாம் தம்பி. நீங்கள் கோபத்தில் ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டால், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தங்களை அவமானப்படுத்தியதாகப் பேசுவார்கள். பெட்டரிக் கதை பின்னுக்குப் போய்விடும். இன்னொரு வழி வேண்டுமென்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது, இரண்டு பேரும் நேரில் உட்கார்ந்து கதைக்க வேண்டும். சமரசம் வராவிட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள், பிறகு நீதிமன்றம் போக நேர்ந்தால் அது தேவைப்படும். ஆனால் முதலில் அதிகார சபை, ஏனென்றால் திகதி ஓடுகிறது.

வெள்ளவத்தை அக்வா (நவம்பர் 16)

பாஸ் அண்ணாவுக்கும் டீச்சர் அக்காவுக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

செப்டெம்பர் 22ஆம் திகதி நுகேகொடையில் ஸ்கேன் பண்ணினேன், 3,500 ரூபா. அண்ணா சொன்ன அதே பி0ஏ80. பிழை விழுந்தபோது பெட்டரி வெப்பம் 36 பாகை, அதில் சூடேறிப் போக ஒன்றுமில்லை என்று ஸ்கேன் செய்தவரும் சொன்னார். எங்கள் வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. மறுநாள் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டேன். பதிலே இல்லை. ஒக்டோபர் 1ஆம் திகதி அரை நாள் லீவு போட்டு, முறைப்பாட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, என் பிரதியில் சீல் வாங்கினேன்.

விசாரணைக்கு அழைப்புக் கிடைத்த பிறகுதான் முதலாளி போன் எடுத்தார். "தம்பி, ஏன் அங்கெல்லாம் போனீங்க, நாம கதைச்சிருக்கலாமே" என்றார். கதைக்கத்தானே மூன்று முறை வந்தேன் ஐயா என்றேன். விசாரணையில் அவர் தூசிக் கதையைச் சொன்னார், நான் ஸ்கேன் பிரிண்டைக் கொடுத்தேன். ஜூலையில் ஃபேனைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். கழற்றியதாக அவரே ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தூசியைப் பற்றி அவர் பேசவில்லை.

எனக்குக் காசு திரும்ப வேண்டுமா, வேலை வேண்டுமா என்று அதிகார சபையில் கேட்டார்கள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், அப்பாவுக்குக் கார் வேண்டும். இருபது துண்டையும் என் முன்னால் அளந்து, தாங்காத ஒன்பதை மாற்றி, சமப்படுத்தித் தருவதாக முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் ஒரு ரூபாவும் வாங்கவில்லை. ஸ்கேன் காசு 3,500 மட்டும் திரும்பி வரவில்லை, அதை விட்டுவிட்டேன்.

புது பில்லை நானே சொல்லி எழுத வைத்தேன். அதை அப்படியே இங்கே போடுகிறேன்: "ஹைபிரிட் பெட்டரி முழுவதற்கும், 20 துண்டுக்கும், ஃபேன் துப்பரவு உட்பட, இன்றிலிருந்து 6 மாதம் வொரண்டி." கீழே கராஜின் சீலும் திகதியும். போன செவ்வாய் முதல் அப்பாவை மறுபடி களுபோவிலவுக்குக் கூட்டிப் போகிறேன்.