கோதுமை பியரில் எலுமிச்சை வில்லை: சரியா, தவறா?

மியூனிக்வாசி:
சனிக்கிழமை மியூனிக் அருகே ஃப்ரைசிங் ஊரில் ஒரு சிறிய பியர் ஆலைக்குப் போயிருந்தேன். வடிகட்டாத கோதுமை பியர். அரை லிட்டர் நெட்டைக் கண்ணாடிக் குவளை, மேலே மூன்று விரற்கடை நுரை. மூக்கருகே கொண்டுபோனதும் கனிந்த வாழைப்பழ மணம், அதன் பின்னாலேயே கிராம்பு. பக்கத்து மேசைக்காரர் எலுமிச்சை வில்லை ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் குவளையில் பிழிந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அது பியரைக் கெடுக்கும் வேலை என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

புளிப்புப்பிரியை:
நான் மறுக்கிறேன். அந்த வாழைப்பழ வாசம் பாதிக் குவளைக்குள் எனக்குத் திகட்டிவிடுகிறது. நாலு சொட்டு எலுமிச்சை விழுந்தால்தான் மீதி இறங்கும். உங்கள் ஜெர்மனியின் பவேரியாவிலேயே வடிகட்டிய, தெளிந்த கோதுமை பியருக்கு எலுமிச்சை வைத்துத்தானே கொடுத்தார்கள்? அதிருக்கட்டும், அது பழ எசன்ஸ் கலந்த வாசம் இல்லை என்று உறுதியாகச் சொல்வீர்களா?

மியூனிக்வாசி:
உறுதியாகச் சொல்வேன். எசன்ஸ் ஒரு துளிகூடக் கிடையாது, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை. வாழைப்பழத்தில் இருக்கும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற மணப்பொருளையே இந்த ஈஸ்ட்டும் நொதிக்கும்போது உண்டாக்குகிறது. நொதிக்கும் சூடு கூடினால் வாழை மணம் தூக்கலாக வரும். கிராம்பு மணம் வேண்டுமென்றால் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, ஊறவைக்கும்போதே 45 டிகிரி அளவில் சற்று நேரம் நிறுத்திவைக்க வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மணத்தின் மேல் எலுமிச்சையைப் பிழியலாமா? தோலில் உள்ள எண்ணெய் நுரையையும் அமுக்கிவிடும். வடிகட்டிய பியரில் ஈஸ்ட் போய்விடுகிறது, அதற்கு எலுமிச்சை கேட்டால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1516 பியர்த் தூய்மை ஆணைப்படி பவேரியாவில் பியருக்கு பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் மட்டுமே என்றிருந்தது. அதற்கு விதிவிலக்காகக் கோதுமை பியர் தனிச் சலுகை பெற்றவர்கள் கையில் இருந்தது, 1602இல் கோமகன் மாக்ஸிமிலியன் வசமானது. பிற்பாடு மவுசு குறைந்து, 1872இல் கியோர்க் ஷ்னைடர் உரிமை பெற்றுக் காய்ச்சியதால் தப்பிப் பிழைத்தது. அப்படிக் காத்துவந்த சுவை இது.

தானியக்களஞ்சியம்:
வரலாறு என்றால் பெல்ஜியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நண்பரே. ஹூகார்டன் ஊரின் கடைசிக் கோதுமை பியர் ஆலை 1957இல் மூடப்பட்டது. பால்காரராக இருந்த பியேர் செலிஸ் என்பவர் 1960களின் நடுவில் அதை மீட்டெடுத்தார். அதில் முளைகட்டாத கோதுமையோடு கொத்தமல்லி விதையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் சேரும். நம் வீட்டில் ரசப்பொடிக்கு வறுக்கும் அதே கொத்தமல்லி விதை! கோதுமைக்கும் எலுமிச்சைக் குடும்பத்துக்கும் பகை என்று எப்படிச் சொல்வீர்கள்?

மியூனிக்வாசி:
பகை என்று சொல்லவில்லை. அங்கே ஆரஞ்சுத் தோல் காய்ச்சுகிறவர் கையால் அளந்து கொதியில் விழுகிறது. நான் சொல்வது, காய்ச்சி முடித்தவரின் கணக்கைக் குவளையில் மாற்றுவதைப் பற்றி. சாம்பாரில் புளி கரைப்பது வேறு, இலையில் விழுந்த சாம்பாரில் எலுமிச்சை பிழிவது வேறு.

புளிப்புப்பிரியை:
என் இலையில் விழுந்தபின் அது என் சாம்பார்தான். ஆனாலும் பேசிக்கொண்டே இருப்பதைவிடப் பார்த்துவிடலாம் என்று நேற்று ஒரே பாட்டிலை இரண்டு குவளைகளில் ஊற்றினேன். கடைசி மிடறைப் பாட்டிலிலேயே சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டையும் பகிர்ந்து ஊற்றினேன். ஒன்றில் மட்டும் வில்லை போட்டேன். அந்தக் குவளையின் நுரை சீக்கிரமே ஓரத்தில் வெள்ளை வளையமாகச் சுருங்கிவிட்டது. கிராம்பு காணாமல் போனது. நுரை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. திகட்டல் குறைந்ததும் உண்மை, அதை விட்டுத்தர மாட்டேன். இனி முதல் பாதியை வெறுமனே குடித்துவிட்டு, வில்லையைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கப் போகிறேன்.

மியூனிக்வாசி:
முதல் பாதி போதும் எனக்கு. அதைக் கொஞ்சம் மெதுவாகக் குடியுங்கள், குளிர் தணியத் தணியக் கிராம்பு இன்னும் மேலே வரும்.